குன்னூரிலிருந்து பேஸ் கிடாரோடு இறங்குபவர்களுக்கு

நீலகிரியில் கிடார் வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சர்ச் பாடகர் குழுவில் நாலு பேர், கல்லூரி விடுதியில் பத்து பேர், எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் ஒருத்தர் என்று தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். கீழ்ச் சுரங்களை வாசிக்கும் நாலு கம்பிக் கிடாரான பேஸுக்கு ஆள் தேடிப் பாருங்கள், ஊட்டியிலிருந்து கோத்தகிரி வரை அலைய வேண்டியிருக்கும். நான் பேஸுக்கு வந்ததே அப்படித்தான். அருவங்காட்டில் எங்கள் ராக் பேண்டில் மூன்று கிடார் இருந்தது, அதில் மோசமாக வாசித்தவன் நான். "நீ பேஸுக்குப் போடா" என்றார்கள். போனேன். இப்போது பன்னிரண்டு வருடமாக இந்த நாலு கம்பியில்தான் வீட்டு வாடகை போகிறது.

வாசிப்பதை எப்படியோ கற்றுக்கொண்டேன். எதை எப்போது வாங்குவது, எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும், எந்த ராத்திரி எந்த ரோடு மூடியிருக்கும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. அந்த அறியாமைக்கு நான் கட்டிய விலை ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாயும் வீணாய்ப் போன ஒரு வருடமும். உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். கீழே உள்ள விலைகள் நானும் என் மாணவர்களும் கொடுத்தவை. உங்கள் கடையில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

1. கருவி வாங்குவது

நாலு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). முதல் கருவிக்கு இது போதும். ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்பார்கள். ராக் பாட்டுகளில் பெரும்பாலானவை இதிலேயே முடிந்துவிடும். ஐந்து கம்பிக்காரர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கூடுதலாக வரும் அந்தக் கீழ் பி கம்பியின் அதிர்வு சுமார் 31 ஹெர்ட்ஸ். வீட்டில் வைத்துச் சத்தம் பெருக்கும் சின்ன ஆம்ப்பில் அது சுரமாகக் கேட்காது, உறுமலாகத்தான் வரும். நெக்கும் (கிடாரின் கழுத்து) அகலம். கை சின்னதாக இருப்பவர்கள் 30 அங்குல ஸ்கேலைக் கேட்டுப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலவு ஏறக்குறைய இப்படி வரும். புது பேஸ் 15,000 முதல் 22,000 ரூபாய். பழையது என்றால் 9,000 முதல் 14,000. இருபது முப்பது வாட் பயிற்சி ஆம்ப் 9,000 முதல் 14,000. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில் இருப்பவர்கள் ஆம்ப்பைத் தள்ளிப்போட்டு, 2,500 ரூபாய் அளவில் கிடைக்கும் ஹெட்போன் ஆம்ப் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு கேபிள், ஒரு டியூனர், அகலமான ஸ்ட்ராப், மழை தாங்கும் பை எல்லாம் சேர்ந்து இன்னொரு 5,000. ஸ்ட்ராப்பில் காசு பார்க்காதீர்கள். பேஸ் நாலு கிலோ இருக்கும், மூன்று மணி நேரம் தோளில் தொங்கும்.

மலையில் இருப்பவர்கள் விழுகிற முதல் குழி ஆன்லைன் ஆர்டர். என் முதல் பேஸை அப்படித்தான் வாங்கினேன். பெட்டி நனைந்து வந்தது, நெக் வில்லாக வளைந்திருந்தது. திருப்பி அனுப்பலாம் என்றால் எங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துப் போகும் வசதி இல்லை என்றார்கள். கூரியருக்கு நானே 1,800 கட்டினேன். பணம் திரும்பி வர ஏழு வாரம் ஆனது. ஒரு நாள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் இறங்கிக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பஸ் செலவு 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

பழைய கருவி என்றால் கடையில் அவசரப்படாமல் நாலு விஷயம் பாருங்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி வாசியுங்கள், எங்கேயாவது 'ஜ்ர்ர்' என்று உரசினால் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் கண்ணை வைத்து நெக் நீளத்துக்கும் பாருங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியைத் தொட்டு மட்டும் எழுப்பும் மணியோசையும் அங்கேயே அழுத்தி வாசிக்கும் சுரமும் டியூனரில் ஒன்றாக வர வேண்டும். கடைசியாக, நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராட்டின் திருகு கால் சுற்றாவது அசைகிறதா என்று கடைக்காரரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் நம் ஊர் ஈரத்தில் அந்த நெக்கைக் காப்பாற்றவே முடியாது.

பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். பில்லையும் கருவியின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் புகார், இன்சூரன்ஸ், விமான நிலையச் சுங்கம் என மூன்று இடத்திலும் கேட்பார்கள்.

2. மலைக் காற்றும் மர நெக்கும்

இந்தப் பகுதியை எந்தப் பட்டணத்து ஆசிரியரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை பிடித்தால் துணியே காயாது, மரம் மட்டும் எப்படிக் காயும்? நெக் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வளைவு மாறும், நேற்று வரை வெண்ணெயாக இருந்த கருவி இன்று விரலைக் கிழிக்கும். தையில் உறைபனி விழுந்து காற்று காய்ந்ததும் நேர்மாறாகத் திரும்பும், கம்பி ஃபிரெட்டில் உரசும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றவர்களை எனக்குத் தெரியும்.

வருடத்துக்கு இரண்டு முறை சரிபார்த்தால் போதும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழு எட்டாம் ஃபிரெட் பக்கம், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர். இடைவெளி அதிகமென்றால் டிரஸ் ராட் திருகை ஆலன் கீயால் வலப்பக்கம் கால் சுற்று, குறைவென்றால் இடப்பக்கம் கால் சுற்று. அதற்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள். மறுநாள் பார்த்துவிட்டு, வேண்டுமானால் இன்னொரு கால் சுற்று. நான் ஒரே மூச்சில் ஒரு முழுச் சுற்று திருப்பி நெக்கில் விரிசல் கேட்டவன். சரி செய்ய 3,500 ரூபாய், அதோடு சென்னைக்கு இரண்டு பயணம்.

பைக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு போடுங்கள். செருப்புப் பெட்டியில் வருவதே போதும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பருத்தித் துணியால் அடியிலிருந்து நுனி வரை துடையுங்கள். ஒரு செட் கம்பி 1,500 முதல் 2,500 ரூபாய். மூடுபனியில் துடைக்காமல் வைத்தால் இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கும், துடைத்தால் ஆறேழு மாதம் வரும். கையில் காசில்லாத நாட்களில் பழைய கம்பியைக் கழற்றிப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு, நன்றாகக் காயவைத்து மாட்டியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்குப் புதுசு போலப் பேசும். வீட்டில் ரசம் வைக்கும் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம், மலையிலிருந்து கீழே இறங்கியதும் பையைத் திறக்க வேண்டாம். ஊட்டிக் குளிரில் இருந்த கருவியை மேட்டுப்பாளையத்து வெக்கையில் திடீரென்று திறந்தால் குளிர்ந்த தண்ணீர் டம்ளர் வியர்ப்பதைப் போல மேலெல்லாம் ஈரம் கட்டும், மின்சார பாகத்திலும் இறங்கும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். அதனால் மேடை ஏறும்முன் டியூன் செய்யுங்கள், வீட்டில் செய்ததை நம்பாதீர்கள்.

3. கற்றுக்கொள்வது

தினமும் 40 நிமிடம், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து. முதல் ஆறு மாதத்துக்கு இதுதான் பாடத்திட்டம். டிரம்மர் காலால் அடிக்கும் கிக் விழும் இடத்தில் உங்கள் சுரமும் விழ வேண்டும். விழுந்த சுரத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். யூடியூபில் கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் வித்தைகளை ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம். எந்த பேண்டும் அதற்காக ஆளை எடுத்ததில்லை. பாட்டு ஓடும்போது யாரும் கவனிக்காமல், நிறுத்தினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றால் சரியாக வாசிக்கிறீர்கள்.

டிசம்பர் காலையில் கை விறைத்திருக்கும்போது வாசிக்க உட்காராதீர்கள். ஐந்து நிமிடம் வெந்நீரில் கையை வைத்து எடுங்கள். முதல் நாலைந்து ஃபிரெட்டில் இடைவெளி பெரிது, நாலு விரலையும் ஃபிரெட்டுக்கு ஒன்றாக அகட்டி நீட்டினால் மணிக்கட்டு போய்விடும். அங்கே ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் என மூன்றாக வையுங்கள். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை.

ராக் வாசிக்கத்தான் வந்தீர்கள் என்றாலும் சாப்பாடு போடப்போவது பாதி நாள் லைட் மியூசிக்தான். அங்கே யாரும் 'ஜி ஷார்ப்' என்று சொல்லமாட்டார்கள், "தம்பி, அஞ்சரைக் கட்டை" என்பார்கள். சி என்றால் ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி அஞ்சு, ஏ ஆறு, பி ஏழு. அரை சேர்த்தால் ஷார்ப். இதை மனப்பாடம் செய்யாமல் என் முதல் ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் மூன்று பாட்டுக்குச் சும்மா நின்றேன். எந்தப் பாட்டையும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பெயரால் மட்டும் நினைவில் வைக்காமல், கட்டையிலிருந்து எத்தனையாவது என்று ஒன்று, நாலு, ஐந்து என எண்ணாகவும் வைத்துக்கொண்டால் பாடகர் கட்டையை மாற்றச் சொன்னால் கை தானாகப் போகும்.

சான்றிதழ் வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பேண்டில் சேர அது தேவையில்லை. பள்ளியில் சொல்லித்தர, கப்பலுக்குப் போக, வெளிநாட்டு ஹோட்டலுக்கு மனுப்போட வேண்டும். டிரினிட்டி காலேஜ் லண்டனின் ராக் அண்ட் பாப் தேர்விலும் ராக்ஸ்கூல் தேர்விலும் பேஸுக்குத் தனியாக எட்டு கிரேடு வரை இருக்கிறது. டிரினிட்டியில் மூன்று பாட்டும் அதோடு ஒரு திறன் சோதனையும். ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் காசு கட்ட வேண்டிய அவசியமில்லை, நேரடியாக ஐந்தாம் கிரேடு எழுதலாம். நான் தெரியாமல் முதல் மூன்றுக்கும் பணம் கட்டினேன். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விடுதிப் பள்ளிகள் நிறைய இருப்பதால் ஐந்துக்கு மேல் ஒரு கிரேடு கையில் இருந்தால் வாரம் இரண்டு நாள் வகுப்பு கிடைக்கும். மழைக்காலத்தில் மேடை வறண்டு போகும்போது அந்தச் சம்பளம்தான் கஞ்சி ஊற்றும்.

4. ஒத்திகை இடம்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தாழ்ந்த ஒலி சுவரையும் மரத்தரையையும் ஊடுருவும். நீங்கள் மெதுவாக வாசிப்பதாக நினைப்பது பக்கத்து வீட்டில் இடியாகக் கேட்கும். சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் தடித்த மெத்தைத் துண்டின் மேல் வைத்தால் பாதிச் சண்டை குறையும். பேண்ட் ஒத்திகைக்கு சர்ச் ஹாலையோ சமுதாயக் கூடத்தையோ வார நாள் மத்தியானத்தில் கேட்டுப் பாருங்கள். நாங்கள் கரண்டுக்கு மட்டும் 300 ரூபாய் கொடுத்து இரண்டு வருடம் ஓட்டினோம்.

5. முதல் மேடைகள்

மலையில் வேலை கிடைக்கும் காலம் ஏப்ரல், மே, பிறகு டிசம்பர் கடைசி இரண்டு வாரம். கோடை விழா, மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சி என்று மே மாதம் முழுக்க மேடை இருக்கும். ரிசார்ட்டுகளில் சனி, ஞாயிறு மாலை. படுகர் கல்யாணங்களும் உண்டு. அந்தப் பாட்டுகளின் நடை வேறு, முன்கூட்டியே ரெக்கார்டிங் வாங்கிக் கேட்காமல் போகாதீர்கள். ஆட்டத்தில் இருநூறு பேர் வட்டமாகக் கால் வைக்கும்போது நீங்கள் தவறினால் உடனே தெரிந்துவிடும்.

ரிசார்ட்டில் எனக்கு முதலில் கொடுத்தது ஒரு மாலைக்கு 1,500. இரண்டு வருடத்தில் 3,500 ஆனது. கோயம்புத்தூர் கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா 3,000, பெங்களூர் பார்ட்டி பேண்ட் 7,000. ராக் மேடையில் மட்டும் பலமுறை சாப்பாடும் கைதட்டலும்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் மாதிரி கல்லூரி விழாப் போட்டிகளுக்குக் கைக்காசு போட்டுத்தான் போனோம். ஆனால் அங்கே பார்த்தவர்கள்தான் பிறகு வேலைக்குக் கூப்பிட்டார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஒப்புக்கொள்ளும்முன் வாட்ஸ்அப்பிலாவது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: தேதி, வாசிக்கும் நேரம், தொகை, பாதி முன்பணம், மீதி மேடை இறங்கியதும், போக்குவரத்து யார் பொறுப்பு, ரத்தானால் முன்பணம் திரும்பாது. ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் எங்களை ஐந்து நாள் வாசிக்க வைத்துவிட்டு, மழையால் கூட்டம் வரவில்லை என்று கையை விரித்தார். எங்களிடம் அவருடைய 'ஓகே' என்ற ஒரே ஒரு மெசேஜ்கூட இல்லை, எல்லாம் போனில் பேசியது.

ஒப்பந்தத்தில் 'இசை உரிமக் கட்டணம் கலைஞர் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஹோட்டலிலோ டிக்கெட் வைத்த மேடையிலோ பிறர் பாட்டை வாசிக்க உரிமம் எடுக்க வேண்டியவர் நடத்துகிறவர். கல்யாணத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

கரண்ட் விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். ரிசார்ட் புல்வெளி, ஜெனரேட்டர், மழை ஈரம், எர்த் இல்லாத இரண்டு முனை பிளக் எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் நம் மலைதான். கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தால் மின்சாரம் உங்கள் வழியாகப் பாயும். எனக்கு ஒருமுறை உதடு வெந்தது. பிளக் பாயிண்டில் செருகிப் பார்க்கும் சோதனைக் கருவி சில நூறு ரூபாய்தான், பையில் வையுங்கள். எர்த் இல்லை என்று காட்டினால் சரிசெய்யும் வரை வாசிக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். திமிர் என்பார்கள், சொல்லட்டும்.

கூடவே சொந்தமாக ஒரு டி.ஐ. பாக்ஸ் (பேஸுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி), 1,800 ரூபாய். பேஸை நேராக மிக்ஸரில் சொருகி, சத்தமே வரவில்லை என்று சவுண்ட்காரரோடு சண்டை போடும் அரை மணி நேரம் மிச்சம்.

6. இறங்குவதும் ஏறுவதும்

தொழில் பெரும்பாலும் கீழேதான் இருக்கிறது. நான் வாய்ப்புகளை இழந்ததும் பெரும்பாலும் ரோட்டில்தான்.

பெங்களூர் போக கூடலூர், பந்திப்பூர் வழிதான் கிட்டம். அந்தக் காட்டு ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். பெங்களூரில் நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் கிளம்பினால் விடியும்வரை கேட்டில் நிற்க வேண்டும். மறுநாள் காலை ஊட்டியில் வகுப்பு இருக்கிறது என்று அந்தக் கணக்கைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டு பள்ளி வேலையை இழந்தவன் நான். சத்தியமங்கலம் வழியாகச் சுற்றலாம் என்பார்கள். அந்த வழியில் உள்ள திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. மறுநாளைக் காலியாக வைத்துக்கொண்டு பெங்களூரை ஒப்புக்கொள்ளுங்கள், தங்கும் செலவைச் சம்பளத்தோடு பேசுங்கள்.

சீசனில் போலீஸ் ஒருவழிப் பாதை வைத்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம். குன்னூர்க்காரர்களுக்கு இது தலைவலி. கீழே நாலு மணிக்கு சவுண்ட் செக் என்றால் நான் மே மாதத்தில் காலை பத்துக்கே கிளம்பிவிடுவேன்.

கோயம்புத்தூர் டிரம்மர் சொந்தக் காரில் மேலே வருகிறார் என்றால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். நம் டி.என். 43 வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் தேவையில்லை. சீசனில் தினசரி எண்ணிக்கை வரம்பு வைக்கும்போது சனி, ஞாயிறுக்குக் கடைசி நேரத்தில் கிடைக்காது. வாரத்துக்கு முன்பே பதியுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், செக்போஸ்ட்டில் பிடிப்பார்கள்.

சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். மேல் பெர்த் கேளுங்கள். பேஸைத் தலைமாட்டில் சாய்த்துப் படுத்துக்கொள்ளலாம், காலை ஆறரை போல சென்ட்ரல். கீழ் பெர்த் எடுத்துக் கருவியை சீட்டுக்கடியில் தள்ளினீர்கள் என்றால் யாராவது ஒரு பெரியவரின் டிரங்குப் பெட்டி அதன்மேல் ஏறும்.

7. பணம், பில், வரி

பேன் கார்டு இல்லாமல் எந்த கம்பெனி நிகழ்ச்சிக்கும் போகாதீர்கள். ஒரு கம்பெனி வருடத்தில் உங்களுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். பேன் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும். அது தொலைந்த காசு இல்லை. உங்கள் மொத்த வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். முதல் மூன்று வருடம் எனக்கு இது தெரியாது. ஒரு ஹோட்டல் பிடித்த 11,000 ரூபாயை நான் கேட்கவே இல்லை. வருமான வரித் தளத்தில் 26ஏ.எஸ். என்ற பக்கத்தில் உங்கள் பெயரில் யார் எவ்வளவு பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். பிடித்துவிட்டுக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள், அதனால் வருடத்துக்கு இரண்டு முறையாவது பாருங்கள்.

ஒரு பக்க பில் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண், தேதி, நிகழ்ச்சி, தொகை, பேன், வங்கிக் கணக்கு. பில் கொடுக்கிறவருக்குப் பணம் சீக்கிரம் வருகிறது, இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. பற்றிப் பயமுறுத்துவார்கள். சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. தாண்டும்போது நல்ல ஆடிட்டரை வைத்துக்கொள்ள உங்களிடம் காசு இருக்கும்.

கம்பி, கேபிள், பஸ் டிக்கெட், ஒத்திகை வாடகை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருங்கள். நான் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறேன்.

8. பாட்டில் உங்கள் பங்கு

சொந்தப் பாட்டு போடும் பேண்ட் என்றால் பாட்டு முடிந்த அன்றே, டீ ஆறுவதற்குள், ஒரு தாளில் யார் யார் மெட்டமைத்தது, யார் எழுதியது, எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பேஸிஸ்ட் போட்ட ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டில்தான் பாட்டே நிற்கும், பெயர் போடும்போது மட்டும் பாடகரும் கிடாரிஸ்டும் இருப்பார்கள். இது எங்கள் பேண்டில் நடந்தது. அந்தப் பாட்டு இன்னும் ஓடுகிறது, எனக்கு ஒரு பைசா கிடையாது. நண்பர்கள்தானே என்று விட்டதுதான் காரணம்.

இசைப்படைப்பைப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் பதிய ஒரு படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. ஆன்லைனிலேயே செய்யலாம். மனுப்போட்ட பின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு, அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் இழுக்கும். பதிவு கட்டாயமில்லை, தகராறு வந்தால் கைகொடுக்கும். மெட்டமைப்பில் உங்கள் பங்கு தாளில் இருந்தால் மும்பையில் உள்ள ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகலாம். பாட்டு பொதுவில் ஒலிக்கும்போது வசூலாகும் தொகையில் பங்கு வரும். வெறுமனே வாசித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கிய செஷனுக்கு அது வராது, அங்கே பேசிய சம்பளம்தான். சென்னையில் சினிமா ரெக்கார்டிங் ஆசை இருந்தால் சினி மியூசிசியன்ஸ் யூனியனில் நேரில் போய் விசாரியுங்கள். வாங்கித் தருகிறேன் என்று இடையில் வருகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

9. கப்பலும் வளைகுடாவும்

மாதச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கிடைப்பதால் நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் இதில் போகிறார்கள். அவசரமில்லாதபோதே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். 36 பக்கம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. நீலகிரிக்குக் கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகம்தான். ஆதாரில் சொந்த ஊர் விலாசமும், இருப்பது வாடகை வீடுமாக இருந்தால் போலீஸ் விசாரணையில் மாட்டும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள். எனக்கு இதில் இரண்டு மாதம் போனது. பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கட்டாயம் காட்டுங்கள், அப்போதுதான் பாஸ்போர்ட்டில் 'குடியகல்வு அனுமதி தேவை' என்ற முத்திரை விழாது. விழுந்தால் துபாய், கத்தார், ஓமன் போகும்போது தனி அனுமதி வாங்கி, காப்பீடும் எடுக்க வேண்டும்.

ஏஜெண்ட் உரிமம் பெற்றவரா என்று இ-மைக்ரேட் அரசுத் தளத்தில் பாருங்கள். உரிமம் உள்ளவர் சட்டப்படி வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத வரியும். ஒருவர் என்னிடம் ஒன்றரை லட்சம் கேட்டார், கூடவே விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார். நான் போகவில்லை. என்னோடு கேட்ட கீபோர்டுக்காரர் போய், மூன்று மாதம் சம்பளமில்லாமல் வாசித்துவிட்டு ஊர்க்காரர்கள் வசூல் செய்து கொடுத்த டிக்கெட்டில் திரும்பினார்.

கப்பலுக்கு இன்னும் சில காகிதம். கடலோடிகளுக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. பாதுகாப்புப் பயிற்சி, சி.டி.சி. என்ற கடலோடிப் புத்தகம், கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரின் சான்று, அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல் என்றால் கப்பல் ஊழியர்களுக்கான சி1/டி விசா. எல்லாம் சேர நாலைந்து மாதம் ஒதுக்குங்கள். ஆடிஷன் வீடியோவில் முகமும் இரண்டு கைகளும் ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. ஆடல் பாடல் காட்சிகளுக்கு வாசிக்கும் ஷோ பேண்ட் என்றால் நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கச் சொல்வார்கள், பார்ட்டி பேண்ட் என்றால் நூறு பாட்டாவது கையில் இருக்க வேண்டும்.

10. காது

முதல் கருவி வாங்கும் அன்றே இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பானும் வாங்குங்கள், 1,500 முதல் 2,500 ரூபாய். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். ராக் மேடையில் டிரம்ஸ் பக்கத்தில் 100 டெசிபல் சாதாரணம், அந்தக் கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம் என்று ஏழு வருடம் இருந்தேன். பஞ்சு மேல்சுரங்களை மழுக்கும், ஆபத்தைப் பெரிதாகக் குறைக்காது. இப்போது இடது காதில் ராத்திரி வண்டு பறக்கிற சத்தம் இருக்கிறது, லாஸ் நீர்வீழ்ச்சிப் பக்கம் போனால்தான் அது கேட்காது. வருடத்துக்கு ஒருமுறை கேட்டல் பரிசோதனை செய்யுங்கள், சில நூறு ரூபாயில் முடியும். அந்தத் தாளையும் பாஸ்போர்ட் கோப்பிலேயே வையுங்கள், கப்பல் மருத்துவர் கேட்பார்.